நகத்தளவு சாட்சி

அத்தியாயம் 7

மூன்றாம் நம்பர் லேத்தைக் கழுவித் துடைத்திருந்தார்கள். இரும்பைக் கவ்விச் சுழற்றும் சக்கின் இடுக்கில் மட்டும் நீலச் சட்டைத் துணி ஒரு விரலளவு சிக்கிக் கிடந்தது. அதைப் பிடுங்கி எடுக்க யாருக்கும் கை வரவில்லை போலிருக்கிறது.

“வெள்ளிக்கிழமை. மணி பதினொண்ணு,” என்றாள் மெர்ல் பெங்கெலி. “மூணு மணிக்கு மரினைக் கோர்ட்ல நிறுத்தறாங்க. நமக்கு நாலு மணி நேரம். உனக்கு எத்தனை விரல்?”

“எட்டு, பாஸ்,” என்றான் ஃபோட்டி.

“அப்போ மணிக்கு ரெண்டு. மடக்கிக்கிட்டே வேலை செய்.”

மெர்லுக்கு வயது அறுபது. இருபத்தைந்து வருஷம் தொழிற்சாலை இன்ஸ்பெக்டராக இருந்து, விபத்து என்று எழுதப்பட்ட கொலைகளையும் கொலை என்று எழுதப்பட்ட விபத்துகளையும் பார்த்து அலுத்துப்போய், தனியாகத் துப்பறியக் கிளம்பியவள். இதமாகப் பேசுவது அவளுக்கு வராத பாஷை. உதவியாளன் ஃபோட்டி முன்னாள் டர்னர். இருபத்திரண்டாவது வயதில் வையாலா ஊரில் ஒரு லேத் அவன் இடது கையில் இரண்டு விரலைத் தின்றுவிட்டது. மிச்சமிருக்கும் எட்டையும் வாயையும் வைத்துப் பிழைப்பை ஓட்டுகிறான்.

விஷயம் இதுதான். போர்ட் லிங்கன் படகுத்துறையை ஒட்டி டட்லியின் கடைசல் பட்டறை. சூரை மீன் படகுகளுக்கு எவர்சில்வர் ஷாஃப்ட் கடைந்து கொடுப்பதுதான் அங்கே முக்கால்வாசி வேலை. செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கு, ஃபோர்மேன் ஆன்டே விடுலின் இந்த மூன்றாம் நம்பரில் சிக்கிச் செத்தார். தள்ளிவிட்டது அவருடைய சொந்த மகன் மரின். வாசலில் நின்று கண்ணால் பார்த்தவர் முதலாளி டட்லி. “ஆமாம், நான்தான் தள்ளினேன்” என்று மரினும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டான். அப்பாவும் மகனும் ஒரு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. போலீஸுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

நம்பாதவள் ஒருத்திதான். ஆன்டேயின் மனைவி நெவென்கா. புருஷன் பிணவறையில், பிள்ளை லாக்கப்பில். “என் பையன் கொலைகாரன் இல்லைன்னு மட்டும் காட்டிடுங்க. வேற எது வந்தாலும் தாங்கிக்கறேன்” என்று மெர்லின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருந்தாள்.

எதையும் தாங்கிக்கொள்வேன் என்று மெர்லிடம் யாரும் சொல்லக் கூடாது. அவள் அதை அப்படியே நம்பிவிடுவாள்.

“தட்டை யாராவது தொட்டீங்களா?” என்று டட்லியைக் கேட்டாள்.

லேத்தின் அடியில், வெட்டிய சீவல் விழுகிற பெரிய தட்டைத்தான் கேட்டாள். டட்லி பெரிய தொந்தியும் சின்னக் குரலும் கொண்ட மனுஷர். நாலு நாளாகத் தூங்காத கண்.

“போலீஸ் கிட்டவே போகலைங்க. கையைக் கிழிச்சிடும்னு பயந்துட்டாங்க.”

“புத்திசாலிங்க. ஃபோட்டி, உனக்குத்தான் இழக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே. கிளறு.”

ஃபோட்டி ஒரு கொக்கியை வாங்கித் தட்டைக் கிளறினான். மேலே நீளநீளமான சுருள்கள், பந்து பந்தாகப் பின்னிக்கொண்டு பளபளத்தன. அவற்றைத் தூக்கி ஓரமாகப் போட்டதும் கீழே வேறொரு சரக்கு வந்தது. குட்டைக் குட்டையாக ஒடிந்த சீவல், கையளவு ஆழத்துக்கு.

“மேல பாம்பு. கீழ பட்டாணி,” என்றான். “பாஸ், இது ஒரே கையில வெட்டினது இல்லை. எவர்சில்வர் பிசின் மாதிரி. சும்மா வெட்டினா ஒடியாம நீண்டுக்கிட்டே வரும். ரெண்டு ஓரமும் சவரக்கத்தி, அதுவும் கொதிக்கற சூட்டுல. சக்கைச் சுத்திக்கிச்சுன்னா சட்டை, கையுறை, விரல் எதையும் கேட்காமலே எடுத்துக்கும். அதனாலதான் எவர்சில்வருக்குப் போடற டிப் மேல ஒரு வாய்க்கால் இருக்கும். சீவல் அதுல முட்டி, மடங்கி, டக்குனு ஒடியும். பட்டாணியா விழும்.”

டிப் என்பது லேத்தின் பல். நகத்தளவு கார்பைடு, சாய்சதுர வடிவம். ஃபோட்டி ஆலன் கீயால் திருகைக் கழற்றி, கருவியில் மாட்டியிருந்த டிப்பை உள்ளங்கையில் தட்டினான். ஒரு தடவை பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

“மொட்டை.”

“என்ன மொட்டை?”

“வாய்க்காலே இல்லை பாஸ். இது வார்ப்பிரும்புக்குப் போடறது. வார்ப்பிரும்பு மாவு மாதிரி உதிரும், அதுக்கு வாய்க்கால் எதுக்கு? அளவு அதே, துளை அதே, கருப்பும் அதே கருப்பு. சூடு தணிக்கற கூலன்ட் பால் மாதிரி மேல ஊத்திக்கிட்டிருந்தா எந்த டர்னருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கும் தெரியாது.”

“தெரியாமத்தானே ரெண்டைக் கொடுத்தே,” என்றாள் மெர்ல். “டட்லி, செவ்வாய்க்கிழமை இந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்னுச்சு?”

“பத்து மணிக்கு. ஸ்மோகோ, டீ இடைவேளை. ஷெட்ல டீயும் மீட்-பையும் சாப்பிடப் போவோம். பத்தே காலுக்குத் திரும்ப ஓட்டுவோம்.”

“பத்து மணி வரைக்கும் பட்டாணி. பத்தே காலுக்கு அப்புறம் பாம்பு. நடுவுல பதினஞ்சு நிமிஷத்துல யாரோ பல்லை மாத்தியிருக்காங்க.”

டட்லியின் வாய் பாதி திறந்தபடி நின்றது. “மரினா?”

“அவனே ஓட்டப்போற மெஷின்ல அவனே கண்ணி வைப்பானா? எலிகூட வைக்காது.”

“இல்லைங்க, இது அவன் மெஷின் இல்லை. கீத்தோட மெஷின். கீத் ஆறு வருஷமா இதுலதான் நிக்கறான். அன்னைக்கு ஸ்மோகோ நடுவுல படகுலேர்ந்து ஆள் வந்தான், ஷாஃப்ட் துளையை அளக்கணும்னு. நான் கீத்தைக் கூட்டிக்கிட்டுப் போனேன். ‘நீ போய் அவன் ஷாஃப்டை முடிச்சுடு’ன்னு மரினை அனுப்பினேன். அளவுகோலை மறந்துட்டேன்னு திரும்பி வந்தப்போதான்...” அவர் சக்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். “ஆன்டே வந்து பையன் காலரைப் பின்னாலேர்ந்து பிடிச்சு இழுத்தார். பையன் திரும்பி ரெண்டு கையாலயும் தள்ளினான். ஆன்டே மெஷின் மேல விழுந்தார். மூணு செகண்டுகூட ஆகலை.”

“மரின் இங்க வருவான்னு யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. எனக்கே பத்தே கால் வரைக்கும் தெரியாதே.”

மெர்ல் ஃபோட்டியைப் பார்த்தாள். ஃபோட்டி தன் மூன்று விரல் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான். மொட்டை டிப் மரினுக்காக வைக்கப்பட்டதில்லை.

கீத் ஷெட்டில் உட்கார்ந்து மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட மீட்-பையைத் தக்காளிச் சாஸில் முக்கித் தின்றுகொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயது. வலது கையில் தோல் கையுறை. தின்னும்போதுகூடக் கழற்றவில்லை.

“லேத்துல கையுறை போடக் கூடாதுன்னு சட்டம்,” என்றாள் மெர்ல்.

“சட்டத்துக்குச் சீவல் குத்தாது.”

“கொக்கி வச்சு இழுக்கலாமே?”

“கொக்கியைத் தேடற நேரத்துல கையால ரெண்டு தடவை இழுத்துடலாம்.”

“ஊருக்கே தெரியுமா இது?”

“பட்டறைக்கே தெரியும். ஆன்டே தினம் இதுக்குத் திட்டுவார். என்ன இப்போ?”

“ஒண்ணுமில்லை அண்ணே,” என்றான் ஃபோட்டி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே. “உங்க மெஷின்ல செவ்வாய்க்கிழமை ஒருத்தர் மொட்டை டிப் மாட்டியிருக்கார். எவர்சில்வர், மொட்டை டிப், தோல் கையுறை. மூணையும் ஒண்ணாப் போட்டா என்ன சமையல்னு சொல்லுங்க பார்ப்போம்.”

கீத் மெல்லுவதை நிறுத்தினான். அவன் கணக்குப் போட்டு முடிக்க நேரமே ஆகவில்லை. மீட்-பை மேஜைக்கு வந்தது. கையுறையை விரல் விரலாகக் கழற்றி, அதைத் தொடப் பிடிக்காதவன் மாதிரி தூரத் தள்ளி வைத்தான்.

“அது எனக்கு வச்சதா?”

“உங்களுக்கேதான். பார்சல் மாறிப் போச்சு.”

“ஃபோட்டி, வாயை மூடு,” என்றாள் மெர்ல். “கீத், அன்னைக்குக் காலையில நீங்க மாட்டின டிப் எது?”

“புதுப் பெட்டி பிரிச்சேன். எவர்சில்வருக்கானது, வாய்க்கால் வச்சது. பெட்டிக்குப் பத்து. ஒண்ணு எடுத்து மாட்டினேன். பத்து மணி வரைக்கும் ஒரே மூலையிலதான் வெட்டினேன், ஒரு சத்தம் இல்லை, வெண்ணெய் மாதிரி போச்சு.”

“அப்போ பெட்டியில இப்போ ஒன்பது இருக்கணும்.”

“கழுதை, அப்படித்தானே இருக்கணும்.”

“செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் பெட்டியைத் தொட்டீங்களா?”

“பட்டறையே மூடிக் கிடக்கு. டிராயர் சாவி என்கிட்ட. ஆனா வேலை நேரத்துல பூட்டறதில்லை.”

“வாங்க.”

டிராயரைத் திறந்தான். சின்னப் பிளாஸ்டிக் பெட்டி, பத்துக் குழி. மூடியைத் தள்ளினான்.

பத்துக் குழியிலும் பத்து டிப் இருந்தது.

ஃபோட்டிதான் முதலில் வாயைத் திறந்தான். “குட்டி போட்டிருக்கு பாஸ்.”

மெர்ல் காகிதத்தை விரித்து, பத்தையும் கொட்டி, ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பார்த்தாள். ஒன்பது புத்தம் புதுசு. பத்தாவதில் ஒரு மூலை வெட்டித் தேய்ந்து லேசாக மினுங்கியது. தேய்ந்த அந்த மூலைக்குப் பக்கத்தில், நீல மார்க்கரில் ஒரு குறி.

“இது எதுக்கு?”

“ஒரு பக்கத்துக்கு ரெண்டு மூலை வெட்டும்,” என்றான் ஃபோட்டி. “ஒண்ணு தேஞ்சதும் திருப்பிப் போடணும். தேஞ்ச மூலை எதுன்னு அடுத்த ஆளுக்குத் தெரியணும்ல? ஒழுங்கான டர்னர் ஒரு புள்ளி வைப்பான். ஆனா இது புள்ளியா? மைக்குள்ள விழுந்த எறும்பு தள்ளாடிக்கிட்டே வீட்டுக்குப் போன மாதிரி இருக்கு.”

“நீங்க வச்சீங்களா கீத்?”

“நான் குறியே வைக்க மாட்டேன். பார்த்தாத் தெரியாதா, எதுக்குக் குறி?” கீத்தின் குரல் கரகரத்தது. “இந்தப் பட்டறையில புள்ளி வைக்கறவர் ஒருத்தர்தான்.”

மெர்ல் காத்திருந்தாள். அவளுக்கு அது நன்றாக வரும்.

“ஆன்டே,” என்றான் கீத். “அவர் கை நடுங்கும். ஒரு வருஷமா.”

ஃபோட்டி அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டினான். யோசித்துப் பார். காலி பட்டறை. ஒரு மனுஷன் இன்னொருத்தன் கையைப் பிய்த்தெறிய ஏற்பாடு செய்கிறான். கழற்றின நல்ல டிப்பைத் தட்டில் விட்டெறிந்தால் போதும். சீவலோடு சீவலாகப் போய்விடும், சாமி வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கிற டிப்பைக் குப்பையில் போட அந்தக் கைக்கு மனசு வரவில்லை. நாற்பது வருஷப் பழக்கம். தேய்ந்த மூலைக்குப் புள்ளி வைத்து, எடுத்த பெட்டியில் எடுத்த குழியிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொலைபாதகத்துக்கு நடுவிலும் தொழில் சுத்தம்!

“பத்து மணி வரைக்கும் வெட்டின மூலை அது,” என்றாள் மெர்ல். “அதுக்கு அப்புறம்தான் புள்ளி வச்சிருக்க முடியும். பத்து இருபதுக்கு அந்த ஆள் உயிரோட இல்லை.” வாசலில் நின்ற டட்லியின் பக்கம் திரும்பினாள். “ஸ்மோகோவுல எல்லாரும் ஷெட்லதான் இருந்தோம்னு போலீஸ்ல சொல்லியிருக்கீங்க. ஆன்டே?”

“அவரைப் பத்தி யாரும் கேட்கலைங்க. செத்தவராச்சே. அவர் ரெண்டு மாசமா ஷெட்டுக்கு வர்றதில்லை. டீ தளும்பி மேல கொட்டுது, பசங்க பார்ப்பாங்கன்னு வெட்கம். ஃபிளாஸ்க்கோட மெஷின் பக்கமே நின்னு குடிப்பார். பத்தே காலுக்கு முகம் கழுவப் போவார்.”

“கை நடுங்கறது உங்களுக்கு எப்போ தெரியும்?”

“போன மாசம். ஒரு மாசம் தவணை கொடுத்து, வெள்ளிக்கிழமையோட மெஷினை விட்டுடுங்க, ஆபீஸ்ல உட்காருங்கன்னு சொல்லிட்டேன். இன்னைக்குத்தான் அந்த வெள்ளிக்கிழமை.”

“அதுக்குத்தான் என் மேல பாய்ஞ்சார்,” என்றான் கீத். “‘நீதானே முதலாளிகிட்டப் போட்டுக் கொடுத்தே’ன்னார். தாயாணை நான் இல்லைன்னேன். நம்பலை. ‘என் கையை வாங்கினவன் கை அவன்கிட்ட இருக்காது’ன்னார். வாய்வார்த்தைன்னு விட்டுட்டேன். செத்த மனுஷனைப் பத்தி எதுக்குன்னு போலீஸ்கிட்டயும் வாயைத் திறக்கலை.”

“நீங்க சொல்லலைன்னா யார் சொன்னது?”

கீத்துக்குத் தெரியாது. அவன் டட்லியைப் பார்த்தான். டட்லி தொந்தியைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“மரின்,” என்றார். “என் ஆபீஸுக்கு வந்து அழுதுகிட்டே சொன்னான். ‘அப்பா கையை என்னைக்காவது மெஷின் எடுத்துடும், அவரை இறக்கிடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க’ன்னான். நான் சொல்லலை. சத்தியமாச் சொல்லலை. அன்னையிலேர்ந்து பையனால அப்பா முகத்தைப் பார்த்துப் பேசவே முடியலை.”

மணி ஒன்றரை. ஃபோட்டி காரை ஓட்டினான். கடலோரச் சாலையில் மீன் பொரிக்கிற வாசனை. அவனுக்குப் பசி செத்துப்போயிருந்தது.

“பாஸ், ஸ்டேஷன்ல முதல் பாதியை மட்டும் சொல்லிக்கலாமே. மொட்டை டிப், புள்ளி, கீத்துக்கு வச்ச கண்ணி. பையனைக் காப்பாத்தத்தான் அப்பா ஓடி வந்தார்னு சொன்னாலே கொலைக் கேஸ் உடைஞ்சிடும். யார் போட்டுக் கொடுத்ததுங்கறது எதுக்கு?”

“நீ டர்னர்தானே? எவர்சில்வரைப் பயந்து பயந்து தொட்டா என்ன ஆகும்?”

“தேய்க்கத் தேய்க்க மேல்தோல் இறுகிப் போகும். அடுத்த தடவை டிப்பே உடையும்.”

“அதுக்கு என்ன பண்ணுவே?”

“நல்ல டிப்பா எடுத்து, முதல் வெட்டையே ஆழமாப் போடணும். நடுவுல நிறுத்தக் கூடாது.”

“அவ்வளவுதான்.”

“அம்மாவும் பிள்ளையும் ஷாஃப்ட் இல்லை பாஸ்!”

மெர்ல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஸ்டேஷன் நடையில் ஒரு பெஞ்ச். அதில் நெவென்கா, மடியில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள்.

“மூணு மணிக்குக் கோர்ட்டு. நாலு நாள் சட்டையோட என் பிள்ளை நிக்கக் கூடாது பாருங்க,” என்றாள். பிறகு அவளாகவே தொடர்ந்தாள். “அவருக்கு ஒரு வருஷமா நான்தான் பட்டன் போட்டுவிட்டேன். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் மாதா படத்து மேல சத்தியம் வாங்கினார். ‘கீத் காட்டிக் கொடுத்துட்டான், என் ரத்தம் காட்டிக் கொடுக்காது’ன்னு பெருமையாச் சொன்னார்.”

“ஃபோட்டி, காபி வாங்கிட்டு வா,” என்றாள் மெர்ல்.

காபி மெஷின் நடையின் அந்தக் கோடியில். ஃபோட்டி அங்கிருந்து பார்த்தான். மெர்ல் நின்றபடியே பேசினாள். மூன்று நிமிஷம்கூட இருக்காது. நெவென்கா அழவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மெர்ல் ஆமாம் என்று தலையை ஆட்டினாள். அவன் காபியோடு திரும்பி வந்தபோது நெவென்கா சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். காபி வேண்டாம் என்றாள்.

சார்ஜன்ட்டுக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பத்து டிப்பையும் எண்ணினார், டட்லிக்கும் கீத்துக்கும் போன் போட்டார், கோர்ட்டுக்கும் போன் போட்டார். கொலைக் குற்றம் நிற்காது, ஊரைவிட்டுப் போகாமல் இருந்தால் இன்றைக்கே அனுப்பலாம் என்றார். அதை மரினிடம் சொல்ல மெர்லும் ஃபோட்டியும் உள்ளே போனார்கள்.

மரினுக்கு இருபத்தேழு வயது. நாலு நாள் தாடி. நகக்கண்ணில் இன்னும் கூலன்ட் அழுக்கு.

“நான்தான் தள்ளினேன்னு சொல்லிட்டேனே,” என்றான். “திரும்பத் திரும்ப என்ன கேட்கறீங்க? நான் சொன்னது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அடிக்க வந்தார். தள்ளினேன்.”

“சீவல் ரிப்பனா வந்ததைப் பார்த்தியா?” என்றான் ஃபோட்டி.

“பார்த்தேன்.”

“ஏன் நிறுத்தலை?”

“பாதி வெட்டுல நிறுத்தினா அந்த இடம் இறுகிடும், ஷாஃப்ட் போச்சுன்னு அவரே கத்துவார். கொக்கியும் இல்லை. கையால இழுத்துடலாம்னு நீட்டினேன். அப்போதான் பின்னால வந்து பிடிச்சார்.”

மெர்ல் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் வைத்தாள். மரின் குனிந்து பார்த்தான். புள்ளியைப் பார்த்ததுமே அவன் முகம் மாறியது.

“அப்பாவோடது. இது எங்க இருந்துச்சு?”

“கீத்தோட பெட்டியில. உங்கப்பா இதைக் கழட்டிட்டு மொட்டை டிப்பை மாட்டினார். கீத்தோட கைக்காக. முகம் கழுவிட்டு வந்து பார்த்தா, அங்க நிக்கறது நீ. உன் கை நீண்டிருக்கு. நிறுத்தற பட்டன் உனக்கு அந்தப் பக்கம். அவர் உன்னை அடிக்க வரலை மரின். உன் கையைக் காப்பாத்த வந்தார். அவரைத்தான் நீ தள்ளினே.”

ஒரே மூச்சு. ஃபோட்டி சுவரைப் பார்த்துக்கொண்டான்.

மரின் டிப்பைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். “நான்தான் சொன்னேன்னு அவருக்குத் தெரியுமா?” என்று கேட்டான்.

பொய் சொல்லித் தொலையேன், என்று ஃபோட்டி மனசுக்குள் கெஞ்சினான்.

“தெரியாது. கீத்னு நினைச்சுக்கிட்டேதான் செத்தார்.”

“அப்போ நான் சொல்லாம இருந்திருந்தா...”

“கண்ணியே இருந்திருக்காது.”

மரின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “நான் உள்ளயே இருந்துடறேன். கோபத்துல தள்ளினேன்னே இருக்கட்டும். இந்த டிப்பை எங்கயாவது தூக்கிப் போட்டுடுங்க. அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். கையெடுத்துக் கும்பிடறேன்.”

“அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் உள்ள வந்தேன்.”

“எல்லாமா?”

“எல்லாமேதான்.”

நாலே முக்காலுக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவனை வெளியே விட்டார்கள். நடை காலியாக இருந்தது. பெஞ்சில் வெள்ளைச் சட்டை மட்டும், மடித்தது மடித்தபடி. ஃபோட்டி வாசல் வரை ஓடிப்போய்ப் பார்த்தான். தெருவில் நெவென்கா இல்லை.

மரின் எதுவும் கேட்காமல் அழுக்குச் சட்டையைக் கழற்றிவிட்டு வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டான். முதல் பட்டன் துளைக்குள் போகவில்லை. மறுபடி முயன்றான். விரல்கள் கிடுகிடுவென்று ஆடின. மூன்றாவது தடவை பட்டனைப் பிடிக்கவே முடியவில்லை.

“கொடு,” என்று ஃபோட்டி முன்னால் வந்து நின்று, எட்டு விரலால் போட்டுவிட ஆரம்பித்தான். கிண்டலாக ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தேடினான். “நான் போட்டா ஒரு பட்டன் தள்ளித்தான் போகும், பார்த்துக்க” என்றான். யாரும் சிரிக்கவில்லை.

“நாளைக்கு அடக்கம் எத்தனை மணிக்குங்க?” என்று மரின் மெர்லைக் கேட்டான்.

“பத்து மணிக்கு.”

“சர்ச்சுலயா? நேரா கல்லறைக்கா?”

மெர்ல் கைப்பையை மூடினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவள் பதில் சொல்ல ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டதை ஃபோட்டி கவனித்தான்.

“நீ வர வேணாம்னு சொல்லச் சொன்னாங்க,” என்றாள்.

மரின் சரி என்று தலையை ஆட்டினான். ஃபோட்டி மிச்சமிருந்த மூன்று பட்டன்களையும் போட்டுவிட்டான்.